வாயில்லாப் பூச்சி ஏற்றினால்

பொய் மிரட்டல் என்ற சமாச்சாரமே மாஸ்டருக்குப் பிடிக்காது. கையில் நல்ல சீட்டு ஒன்றும் இல்லாமல் மேசையில் பணத்தைக் குவித்து எதிராளியை ஓட வைக்கிற வித்தையெல்லாம் சினிமாவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஓடுவதற்கு எதிராளிக்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டுமே என்பார். அவரோடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போக்கர் சீட்டு ஆடிய மூன்று பேரும் ஓடுகிற ரகமே இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, கேட்டதைக் கொடுத்து, தோற்று, "சரி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று படியிறங்கிப் போகிற ரகம். வாயில்லாப் பூச்சிகள். மாஸ்டருக்கு வேண்டியதும் அதுதான்.

அவருடைய பிழைப்பு கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அதனால்தான் தெருவுக்கே மாஸ்டர் ஆனார். பெற்றோர் வைத்த பெயரை வீட்டு வரி ரசீது ஒன்றுதான் ஞாபகம் வைத்திருக்கும். அவருடைய காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் அவருடைய காலடியில். ஓட்டுநர் பள்ளி தொடங்கின புதிதில் அந்த இரண்டாவது பிரேக்கை அவரேதான் பொருத்தினார். இரண்டு மிதிகளையும் ஓர் இரும்புக் கம்பி சேர்க்கும், கம்பியின் முனையில் அதைப் பிடித்து நிறுத்தச் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பின். அவர் உள்ளே தலையை நுழைத்துக்கொண்டு உலகத்தையே திட்டியபடி முடுக்க, மனைவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தாள், கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். கேட்காத ஸ்பேனரையும் சில சமயம் கொடுத்தாள். அதுதான் சரியான ஸ்பேனராக இருந்தது. அதை அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

புதிதாக வந்து உட்காருகிற எல்லோரிடமும் அவர் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. "பயப்படாதீங்க. பிரேக் என் கால்ல இருக்கு." இதைக் கேட்டதும் ஸ்டீயரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்திருந்தவர்களின் கை தளரும். மாஸ்டருக்கு அந்தத் தளர்ச்சி பிடிக்கும். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்ட, முடிவை மட்டும் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன், மற்ற நேரங்களிலும் அப்படியே உட்காரப் பழகிப்போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டம் நடந்தது டயர் கடையின் மாடியில். ரப்பர் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மேசை, நான்கு நாற்காலி, சத்தம் போட்டுக்கொண்டே காற்று தராத ஒரு மின்விசிறி. மாஸ்டருக்கு எதிரே மருந்துக்கடைக்காரர், இடதுபக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர், வலதுபக்கம் மாஸ்டரின் மைத்துனன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அப்பா விட்டுப்போன லாண்டரியை நடத்திக்கொண்டிருந்தான். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துண்டுகளும் அங்கே வெளுத்து இஸ்திரியாகிப் போகும். வாஷிங் மெஷினுக்குள் கழன்று விழுந்து, சொந்தச் சட்டை எதுவென்று தெரியாமல் அநாதையாகிப்போன பட்டன்களை அவன் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். அந்தப் பட்டன்கள்தான் மேசையில் பணம். வெள்ளை சின்னது, கறுப்பு பெரியது. தன்னைத் தோற்கடிப்பதற்கான சாமானை வாராவாரம் தானே சுமந்துகொண்டு வருகிற ஆள் அவன்.

ஆட்டம் எளிதானது. ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவருக்குத் தெரியாமல் கையில். மேசை நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப்படும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் யாராவது பட்டன் வைக்கலாம். மற்றவர்கள் அதே அளவு வைத்துக் கூடவே வரலாம், அதற்கு மேல் ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு விலகலாம். கடைசிவரை நிற்பவர்களில் நல்ல சேர்க்கை யாரிடமோ அவர் எல்லாவற்றையும் அள்ளுவார்.

அந்த மூன்று பேரும் கூடவே வருவார்கள். அவ்வளவுதான். நல்ல சீட்டு வந்தாலும் ஏற்ற மாட்டார்கள், மோசமான சீட்டு வந்தாலும் போட மாட்டார்கள். இப்படிப்பட்டவர்களை எப்படிச் சாப்பிடுவது என்பதை மாஸ்டர் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவிக்குப் பாடம் எடுப்பார். அவள் கேட்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றுகிறவளுக்குக் காதை மூடிக்கொள்ள வழியில்லை.

"இவங்களை மிரட்டவே கூடாது. மிரட்டினா என்ன பண்ணுவாங்க? கூடவே வருவாங்க, நாமதான் மாட்டிக்குவோம். நல்ல சீட்டு வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும். வந்துச்சா, கேளு. தைரியமா கேளு. கொடுத்துடுவாங்க. சுமாரா வந்தாக்கூட கொஞ்சமா கேளு, அதையும் கொடுப்பாங்க. ஆனா ஒண்ணு. சிரிச்ச முகமா கேக்கணும். தோத்தவன் அடுத்த வாரமும் வரணும் இல்லையா?"

"சரி" என்பாள் மனைவி.

"இன்னொண்ணு இருக்கு. அதுதான் உசுரு. இந்த வாயில்லாப் பூச்சி என்னிக்காவது ஒருநாள் திடீர்னு ஏத்தினான்னு வெச்சுக்க, யோசிக்கவே கூடாது. கையில எது இருந்தாலும் போட்டுடணும். ஏன்னா அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவன்கிட்ட இருக்கு. ஏத்தினா, போட்டுடணும்."

"சரி. மோர் ஊத்தட்டுமா?"

இந்தக் கடைசிப் பாடத்துக்கு ஒரு கதையும் இருந்தது. ஒருமுறை மாஸ்டர் கையில் இரண்டு ஆஸ். அதைவிட நல்ல ஜோடி கிடையாது. மேசையில் இரண்டு ஒன்பது திறந்திருந்தது. வழக்கம்போல் கேட்டார். எப்போதும் கூடவே வந்து தலையாட்டுகிற மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு மடங்காக ஏற்றினார். மாஸ்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆஸ் இரண்டையும் கவிழ்த்துப் போட்டார். மருந்துக்கடைக்காரர் சந்தோஷம் தாங்காமல் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். மீதி இரண்டு ஒன்பதும் அங்கே இருந்தன. தபால்காரர் வாயைப் பிளந்தார். மாஸ்டருக்கோ கோபம்.

"எதுக்குக் காட்டுறீங்க? சீட்டைப் போட்டவனுக்குக் காட்டக் கூடாது. பாக்கணும்னா பட்டன் கட்டிப் பாக்கணும். இந்த மேசையில அதான் வழக்கம்" என்று அதட்டினார். மருந்துக்கடைக்காரர் மன்னிப்பு கேட்டார். ஜெயித்தவர் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

மைத்துனனிடம் இன்னொரு வசதியும் இருந்தது. அவன் கட்டைவிரல். கை மோசமாக இருந்தால் ஒரு பட்டனை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருப்பான். கை நன்றாக இருந்தால் உருட்டல் நின்றுவிடும், கை மேசையில் இஸ்திரிப் பெட்டிபோல் அசையாமல் கிடக்கும். இது மற்ற இருவருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. மாஸ்டருக்குத் தெரியும். அவர் அதை ரேடியோ செய்தி கேட்பதுபோல் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டனோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. லாண்டரிக்குப் பின்னால் ஒரு முற்றம் இருந்தது. நல்ல அகலம், நல்ல வெயில். அங்கேதான் வரிசை வரிசையாகக் கயிறு கட்டி விரிப்புகளைக் காயப்போடுவார்கள். மாஸ்டரின் கண் அந்த முற்றத்தின் மேல் விழுந்து வெகுநாள் ஆகிவிட்டது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு வளைவும் பின்னோக்கு ஓட்டமும் பழக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. விலைக்குக் கேட்டால் கூடப்பிறந்தவள் என்று மனைவி இடையில் வருவாள். அதனால் விலைக்குக் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு, மைத்துனன் டப்பா காலியாகி, கையை அசைக்காமல் நல்ல சீட்டோடு உட்கார்ந்திருந்தான். மாஸ்டரிடம் அதைவிட நல்ல சீட்டு இருந்தது. அவர் சிரித்த முகமாகக் கேட்டார்.

"பட்டன் இல்லைன்னா என்னடா? அந்த முற்றத்தை வெச்சு ஆடு. நமக்குள்ள என்ன கணக்கு."

"சரிங்க மாமா" என்றான் அவன்.

முற்றத்தின் இரும்புக் கதவுச் சாவி அன்று சாயங்காலமே மாஸ்டரின் சாவிக்கொத்தில் ஏறியது. எழுத்துமில்லை, பத்திரமுமில்லை. அவன் வாய் பேசாது, பேசினால் மாறாது. அதன்பிறகு லாண்டரியில் விரிப்புகள் உள்ளேயே காய்ந்தன. காயவில்லை என்பதுதான் உண்மை. ஈர வாடை அடிக்கிறது என்று விடுதிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். காலை நேரங்களில் முற்றத்தில் மாஸ்டரின் கார் பழைய டயர்களைச் சுற்றி வட்டமடித்தது. ஜன்னல் வழியாக மைத்துனன் அதைப் பார்த்துக்கொண்டு இஸ்திரி போட்டான்.

மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். "நான் அங்க கயித்துக்கு நடுவுல ஓடி விளையாடி வளர்ந்தவ. அந்த இடத்தை அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்துட முடியாதாங்க?"

"ஆட்டத்துல போனதை ஆட்டத்துலதான் எடுக்கணும்."

"சரி" என்றாள். இந்தச் சரி மற்ற சரிகளைப்போல் உடனே வரவில்லை. கொஞ்சம் நின்று வந்தது. மேசையில் யாராவது இப்படி நின்று பேசியிருந்தால் மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் அவர் காது வேலை பார்ப்பதில்லை.

தோற்றவன் சோர்ந்து மேசையை விட்டுப் போய்விடக் கூடாதே. அதனால் மைத்துனனுக்கு இலவசமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஞாயிறு காலை பாடம், மத்தியானம் ஆட்டம். அவன் மோசமான மாணவன். இரண்டாவது கியருக்கு மேல் போக மாட்டான், பூனை குறுக்கே வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு அது போய்ச் சேரும்வரை காத்திருப்பான். "பயப்படாதேடா. பிரேக் என் கால்ல இருக்கு" என்று மாஸ்டர் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

பிறகு கடையையே கேட்டார். மேசையில் இல்லை, காரில். இதமாகத்தான். "வர்ற ஞாயித்துக்கிழமை கடையை வெச்சு ஒரே ஆட்டம். ஜெயிச்சா முற்றமும் உனக்கு, கடையும் உனக்கு. எப்படியும் வியாபாரம் படுத்துடுச்சு. தோத்தாலும் நீ அங்கேயே வேலை பாரு, நான் என்ன அந்நியனா?"

மைத்துனன் சாலையைப் பார்த்தபடி இருந்தான். "சரிங்க மாமா."

அவனுக்குச் சொந்தமென்று இருந்தது அந்தக் கடை மட்டும்தான். கொதிகலனுக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் படுக்கையும் அடுப்பும். அதுவும் போனால் அவன் மாஸ்டரின் சம்பளக்காரன். மாஸ்டர் அதை ஒரு உதவியாகவே நினைத்தார். நல்ல மனுஷன் என்ற எண்ணம் அவருக்குத் தன்னைப் பற்றி எப்போதும் உண்டு.

அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை. கார் இருக்கை உறைகளை மாதாமாதம் லாண்டரியில் இலவசமாக வெளுத்து வாங்குவது வழக்கம். மனைவி உறைகளைக் கழற்றி மூட்டை கட்டி அனுப்புவாள். இந்த முறை, "தம்பி காரையே கொண்டுவந்து விடச் சொன்னான். உள்ளே முழுக்க சுத்தம் பண்ணித் தரானாம். நானும் கூட வந்து, அங்கேயே இருந்துட்டு வரேன்" என்றாள். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். மறுநாள் கடையைப் பறிகொடுக்கப் போகிறவன் முதல் நாள் காரைத் துடைத்துத் தருகிறான். இப்படியும் பூச்சிகள் பிறக்குமா என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டார்.

கார் சாயங்காலம் பளபளவென்று திரும்பி வந்தது. மனைவியின் விரல் நகங்களுக்கடியில் கறுப்பாக ஏதோ இருந்தது. தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை மைத்துனன் வந்தான். சட்டையில் மடிப்பு கலையவில்லை. காரை எடுத்த விதத்திலேயே மாஸ்டர் ஆச்சரியப்பட்டார். எஞ்சின் ஒருமுறைகூட நிற்கவில்லை. மூன்றாவது கியர் விழுந்தது. குறுக்கே வந்த ஒரு சைக்கிளை ஒதுங்கிக் கடந்தான்.

"என்னடா, தேறிட்டியே!"

"சரிங்க மாமா."

பழைய படகுத்துறைப் பக்கம் வண்டியைத் திருப்பினான். பாலம் வந்தபிறகு அங்கே படகுகள் நின்றுவிட்டன. நீளமான ஒரு சிமெண்டுச் சரிவு மட்டும் மிச்சம். மேலே சாலையில் தொடங்கி நேராக ஆற்றுக்குள் இறங்கி, தண்ணீருக்கடியிலும் இறங்கிக்கொண்டே போகும். தடுப்பு எதுவும் கிடையாது. கீழ்ப்பாதி பச்சையாகப் பாசி. ஏற்றத்தில் வண்டி எடுக்கப் பழக்குவதற்காக மாஸ்டர் அந்த இடத்துக்கு வருவதுண்டு, ஆனால் எப்போதும் மேல்நோக்கித்தான் நிறுத்தச் சொல்வார். மைத்துனன் சரிவின் தலையில் ஆற்றைப் பார்த்து நிறுத்தினான். சுற்றிலும் ஈ காக்கை இல்லை. ஆறு கலங்கி, சத்தமில்லாமல், ரொம்ப வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இங்க ஏன்டா நிறுத்தறே? திருப்பு."

"ஒரு விஷயம் பேசணும் மாமா. முற்றத்துச் சாவியைக் கொடுத்துடுங்க. கடையும் கேக்காதீங்க. இனிமே என்னை மேசைக்குக் கூப்பிடாதீங்க."

மாஸ்டர் சிரித்தார். "மத்தியானம் ஆடி ஜெயிச்சு வாங்கிக்கோயேன். அதுவரைக்கும் பொறுக்க முடியாதா?"

"மத்தியானம் வேண்டாம் மாமா. இங்கேயே ஆடிடலாம்."

கியரை விடுவித்தான். இடது கையை இருவருக்கும் நடுவிலிருந்த கைபிரேக்கின் மேல் வைத்து, மாஸ்டர் இழுக்க முடியாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு காலை எடுத்தான். வண்டி, யாரோ பின்னாலிருந்து லேசாகத் தள்ளினதுபோல், சரிவில் இறங்கத் தொடங்கியது.

"நேத்து முழுக்க வண்டி எங்ககிட்டதான் இருந்துச்சு. உங்க பிரேக்கு கழட்டி விட்டிருக்கு. நம்பலைன்னா மிதிச்சுப் பாருங்க. ஆனா நீங்க காலை வெச்சுட்டா, நான் என் பிரேக்கை மிதிக்க மாட்டேன். சாவியை முன்னாடி வெச்சீங்கன்னா மிதிக்கிறேன். அவ்வளவுதான் மாமா."

அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"பைத்தியமாடா உனக்கு? நீயும்தானே சாவே!"

"ஆமா மாமா."

மாஸ்டரின் வலது கால் தானாகவே எழுந்து மிதிக்கு மேல் நின்றது. எத்தனையோ வருஷமாக அந்தக் கால் அப்படி எழுந்திருக்கிறது, யோசிக்காமல் மிதித்திருக்கிறது. இப்போது அது அந்தரத்திலேயே நின்றது. கதவைத் திறந்து குதிக்கலாமா என்று பார்த்தார். பெல்ட்டு வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது, சிமெண்டு ஜன்னலுக்கு வெளியே ஓட ஆரம்பித்திருந்தது.

பொய்தான் சொல்கிறான் என்று ஒரு மனசு சொன்னது. இவனாவது பிரேக்கைக் கழட்டுவதாவது, இவனுக்கு ஆணி அடிக்கவே ஆள் வேண்டும். மிதி, மிதித்துவிட்டு இவனை ஓங்கி ஓர் அறை விடு.

ஆனால் மாஸ்டர் அவன் கையைப் பார்த்தார். கைபிரேக்கின் மேல் கிடந்த கை. கட்டைவிரல் எதையும் உருட்டவில்லை. இஸ்திரிப் பெட்டிபோல் அசையாமல் கிடந்தது.

பாசியின் பச்சை விளிம்பு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஈரக்காற்று உள்ளே வந்தது. மாஸ்டர் சாவிக்கொத்தைச் சட்டைப்பையிலிருந்து பிடுங்கி, முன் கண்ணாடிக்குக் கீழே எறிந்தார். "வெச்சுட்டேன்! வெச்சுட்டேன்டா! மிதி!"

மைத்துனன் மிதித்தான். டயர் கிறீச்சிட்டது, வண்டி கொஞ்சம் வழுக்கி, முன்சக்கரம் பாசியைத் தொட்டு நின்றது. அவன் கைபிரேக்கைப் போட்டான். சாவிக்கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் பிளந்து, முற்றத்துச் சாவியை மட்டும் பொறுமையாகக் கழற்றிக்கொண்டான். மீதியை மாஸ்டரின் மடியில் வைத்தான்.

"இதெல்லாம் உங்களோடது."

"டேய்." மாஸ்டர் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார். "உண்மையிலேயே கழட்டியிருந்தீங்களா?"

அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். குனிந்து, அவமரியாதை இல்லாமல் சொன்னான். "சீட்டைப் போட்டவங்களுக்குக் காட்டக் கூடாது மாமா. நீங்கதானே சொன்னீங்க."

சரிவில் மேல்நோக்கி நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்டர் இருக்கை மாறி உட்கார்ந்து எப்படி வண்டியைப் பின்னால் எடுத்தார், எந்தத் தெரு வழியாக வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. வீட்டுக் கொட்டகையில் காரை விட்டபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவி வாசலுக்கு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? குளிச்சுட்டு வாங்க, சாப்பிடலாம்."

நிறைய நேரம் குளித்தார். தண்ணீர் தலையில் விழ விழ பயம் இறங்கி, அந்த இடத்தில் கோபம் ஏறியது. தன் மேசையில் ஒருநாள்கூட ஏற்றாதவன், தன்னிடமே பழகினவன், தன்னையே முட்டாளாக்கிவிட்டானோ? மத்தியானம் போய் இரண்டு பேர் முன்னால் வைத்துக் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். துண்டைச் சுற்றிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். இடதுபக்கக் கதவைத் திறந்து தன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார்.

மிதி கொஞ்சம் இறங்கிக் கல்லாக நின்றது. பக்கத்து மிதியும் கூடவே இறங்கியது. பிரேக் இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பொய்! அத்தனையும் பொய்! வாயில்லாப் பூச்சி ஒரு பொய்யைச் சொல்லி முற்றத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவர், காலை எடுக்கும்போது பாதத்தில் வழவழப்பாக ஏதோ ஒட்டுவதைப் பார்த்தார். கறுப்பு கிரீஸ். புத்தம் புதுசு.

குனிந்து பார்த்தார். கம்பியின் முனையில் அவர் அந்தக் காலத்தில் போட்ட துருப்பிடித்த பின்னைக் காணோம். புதுப் பின் ஒன்று வெள்ளிபோல் மின்னியது.

"இதையா தேடுறீங்க?"

மனைவி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையில் கரித்துணி. இன்னொரு உள்ளங்கையில் துருப்பிடித்த பழைய பின்.

"நீங்க குளிக்கும்போது போட்டேன். காலையில அது இல்ல" என்றாள். அடுப்பில் பால் வைத்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். "நாளைக்குப் பிள்ளைங்க வந்து உக்காருவாங்க. யாரோ பெத்த பிள்ளைங்க. அவங்க வர்றதுக்குள்ள போட்டாகணும் இல்லையா?"

மாஸ்டர் அந்தப் பின்னையே பார்த்தார். "அவன்... அவனா கழட்டினான்?"

"அவனுக்கு ஸ்பேனரே பிடிக்கத் தெரியாது. நேத்து வேண்டாம்க்கா வேண்டாம்க்கான்னு அழுதான். நான்தான் கழட்டினேன்."

"மிதிச்சிருந்தா?"

"மிதிக்க மாட்டீங்கன்னு தெரியும். ஏத்தினா போட்டுடணும்னு சாப்பிடும்போதெல்லாம் சொல்வீங்களே."

அவர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மருந்துக்கடைக்காரரின் தொண்டையைத் தெரியும், மைத்துனனின் கட்டைவிரலைத் தெரியும், தபால்காரர் எப்போது மூக்கைச் சொறிவார் என்று தெரியும். இந்த முகத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை.

"ஒருவேளை மிதிச்சிருந்தா?" என்று மறுபடியும் கேட்டார்.

அவள் பழைய பின்னைக் கரித்துணியில் சுற்றி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தூக்கி எறியவில்லை.

"சோறு ஆறுது. எழுந்து வாங்க. இனிமே ஞாயித்துக்கிழமை எங்கேயும் போக வேண்டாம்."

மாஸ்டர் இருக்கையிலிருந்து மெல்ல இறங்கினார். பாதத்து கிரீஸ் தரையில் அச்சாக விழுந்தது.

"சரி" என்றார்.